டிஸ்லெக்சியா: தமிழ் வகுப்பறையில் அறிதலும் உதவுதலும்

டிஸ்லெக்சியா என்பது, போதிய அறிவுத்திறனும் பள்ளி செல்லும் வாய்ப்பும் இருந்தும், எழுத்துகளைக் கூட்டிப் படிப்பதிலும் பிழையின்றி எழுதுவதிலும் ஒருவருக்குத் தொடர்ந்து இடர்ப்பாடு ஏற்படும் நிலையாகும். இது நோயன்று; அறிவுக் குறைவும் அன்று. எழுதுவதில் மட்டும் மிகுதியாக இடர்ப்பாடு இருப்பின் அது டிஸ்கிராபியா எனப்படும். எண்களையும் கணக்கையும் புரிந்துகொள்வதில் இருப்பின் டிஸ்கால்குலியா எனப்படும். ஒரே மாணவரிடம் இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவை காணப்படலாம்.

டிஸ்லெக்சியாவைப் பற்றிய விளக்கங்களுள் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஆங்கிலச் சிறிய எழுத்துகளான பி, டி ஆகியவற்றை இடம் வலமாக மாற்றி எழுதுவதே இதன் அடையாளம் எனப் பலர் கருதுகின்றனர். தமிழில் அத்தகைய எழுத்து இணை இல்லை. அதனால் தமிழ் வழியில் பயிலும் பிள்ளையின் இடர்ப்பாடு பல நேரங்களில் கண்டறியப்படாமல், சோம்பல் என்றோ கவனக்குறைவு என்றோ முத்திரை குத்தப்படுகிறது.

வரலாறு

ஜெர்மானியக் கண் மருத்துவரான ருடால்ஃப் பெர்லின் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டிஸ்லெக்சியா என்னும் சொல்லை உருவாக்கினார். 1896இல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன், பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். 749ஐ 867ஆல் விரைந்து சரியாகப் பெருக்கத் தெரிந்த அச்சிறுவனால் தன் பெயரைக்கூடப் பிழையின்றி எழுத முடியவில்லை. பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே அவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து.

காரணம்

ஒரு சொல்லைச் சிறுசிறு ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வோர் ஒலியையும் உரிய எழுத்தோடு இணைப்பதில்தான் பெரும்பாலோருக்குத் தடை ஏற்படுகிறது. இது குடும்பவழியில் தொடர்வதுண்டு. வளர்ப்பு முறையோ செல்லமோ இதற்குக் காரணம் அல்ல. எனினும், படிக்கத் திணறும் பிள்ளைக்கு முதலில் பார்வையையும் செவித்திறனையும் சோதித்துவிட வேண்டும்.

தமிழில் காணும் அடையாளங்கள்

தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு ஆங்கிலத்தைவிட ஒழுங்கானது. ஆனால் 247 எழுத்துகளின் வடிவங்களைப் பழக வேண்டியுள்ளது. கு, சு, து, பு எனும் உகர வரிசையில் மெய்க்கு மெய் வடிவமும் மாறுகிறது. கவனிக்கத்தக்க அடையாளங்கள் சில:

• கொம்பும் காலும் குழம்புதல். ‘கொ’ என்பதில் க் ஒலியே முதலில் வருகிறது. எழுத்திலோ கொம்பு முன்னே நிற்கிறது. அதனால் ‘கொடி’ என்பது ‘கெடி’ ஆகவோ ‘காடி’ ஆகவோ மாறுகிறது.
• குறில் நெடில் மாறுதல். ‘தேள்’ என்பதைத் ‘தெள்’ என எழுதுதல்.
• புள்ளி விடுபடுதல். ‘பட்டம்’ என்பது ‘படடம’ ஆதல்.
• எழுத்து இடம் மாறுதல். ‘பதக்கம்’ என்பது ‘பகத்தம்’ ஆதல்.
• முதல் எழுத்தை மட்டும் பார்த்து ஊகித்தல். ‘வயல்’ என்பதை ‘வண்டி’ எனப் படித்தல்.
• வயதுக்கு மிகவும் பின்தங்கிய, எழுத்துக் கூட்டும் மெதுவான வாசிப்பு.

ல, ள, ழ மயக்கமும் ர, ற மயக்கமும் பேச்சு வழக்கால் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருபவை. அவற்றை மட்டும் கொண்டு முடிவு செய்யக் கூடாது. மற்றப் பிள்ளைகளின் பிழை திருத்தத் திருத்தக் குறையும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையோ நன்கு பயின்ற பிறகும் ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதக்கூடும். அதே பிள்ளை கேட்ட கதையைத் தெளிவாகத் திருப்பிச் சொல்லும். வாய்க்கும் கைக்கும் உள்ள இந்த இடைவெளியே ஆசிரியர் கவனிக்க வேண்டிய முதன்மையான அடையாளம். உறுதிப்படுத்துவது உளவியலாளர் முதலிய வல்லுநர்களின் பணி.

வகுப்பறையில் உதவி

அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் கல்வியாளர் அன்னா கில்லிங்காமும் 1930களில் பல்புலன் வழிக் கற்பித்தலை வளர்த்தெடுத்தனர். கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, காதால் கேட்டு, விரலால் வரைந்து ஓர் எழுத்தைப் பழகுவது இம்முறை. நம் திண்ணைப் பள்ளிகளில் எழுத்தை உரக்கச் சொல்லியவாறே மணலில் எழுதிப் பழகியதும் இதை ஒத்ததே. இம்முறையில் ஒரு வரிசை நன்கு பதிந்த பின்னரே அடுத்த வரிசைக்குச் செல்ல வேண்டும்.

வகுப்பில் முன்னறிவிப்பின்றி எழுப்பி உரக்கப் படிக்கச் சொல்லக் கூடாது. படிக்க வேண்டிய பத்தியை முதல் நாளே கொடுத்துவிடலாம். வரலாறு, அறிவியல் விடைகளை வாய்மொழியாகக் கேட்டு மதிப்பெண் வழங்கலாம். பிழையான சொல்லை நூறு முறை எழுதச் சொல்லும் தண்டனையால் பயன் இல்லை. கை சோர்ந்து, பிழையே மேலும் பதியும்.

சட்டமும் சலுகைகளும்

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெறவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக இதனைச் சேர்த்தது. இத்தகைய பிள்ளைகளை விரைவில் கண்டறிந்து ஏற்ற கற்பித்தல் முறைகளை மேற்கொள்வதும் கல்வி நிறுவனங்களின் கடமையாக அதில் கூறப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு எழுதுவோருக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு முதலிய சலுகைகள் உள்ளன. இவற்றைப் பெற, மருத்துவச் சான்றுடன் பள்ளி வழியாகத் தேர்வுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

பத்தாம் வகுப்பில் சலுகை பெற்றுத் தருவது உதவிதான். ஆனால் மூன்றாம் வகுப்பிலேயே கண்டுகொண்டால் அப்பிள்ளை படிக்கவே கற்றுக்கொள்ளும். அதுவரை ‘மக்கு’ என்னும் சொல் அதன் காதில் விழாமல் காப்பது வீட்டின் பொறுப்பும் பள்ளியின் பொறுப்பும் ஆகும்.