வதைமுகாம்களில் விசுவாசமும் மனித உறவும்

இரண்டாம் உலகப் போரின்போது நாத்சி ஆட்சியினர் ஏறத்தாழ 60 இலட்சம் யூதரைக் கொன்றொழித்தனர். அக்கொடுமைக்குத் தப்பியோரின் வரலாறுகளைப் பிரசங்கத்தில் எடுத்தாளுவோர், விசுவாசமே அவர்களைக் காத்தது என்று சொல்லி முடிப்பதுண்டு. கேட்பதற்கு இனிய கூற்றுதான். ஆயின், மாண்டோர் அனைவரும் விசுவாசமற்றோரா? யோபின் நண்பர்களுடைய தருக்கம் இவ்வாறு நம் பிரசங்க பீடத்தில் மீண்டும் ஏறிவிடுகின்றது. எனவே, விசுவாசமும் உறவும் முகாம்களில் மெய்யாகவே என்ன செய்தன என்பதை நோக்குதல் தகும்.

நம் சபைகளில் மிகுதியும் கூறப்படுவது கொரி டென் பூம் அம்மையாரின் வரலாறு. ஹாலந்தில் ஹார்லெம் நகரில் கடிகாரத் தொழில் செய்துவந்த இக்கிறிஸ்தவக் குடும்பத்தினர், யூதருக்குப் புகலிடம் அளித்தமைக்காக 1944 பெப்ருவரி 28 அன்று கைதாயினர். 84 வயதான தந்தை காஸ்பர் பத்தே நாள்களில் காவலில் இறந்தார். கொரியும் தமக்கை பெட்சியும் பின்னர் ராவன்ஸ்புரூக் பெண்கள் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மறைத்துக் கொண்டுபோன திருமறையை அவர்கள் வாசிக்க, அது பெண்களின் வாய்வழியே மொழிக்கு மொழி பெயர்க்கப்பட்டு இருளில் பரவியது. தெள்ளுப்பூச்சிகளுக்கு அஞ்சிக் காவலர் உள்ளே வராதிருந்தனர் என்று கொரி எழுதியுள்ளார். (இப்பூச்சிகளை மட்டும் நம் பிரசங்கிகள் ஒருபோதும் மறப்பதில்லை!) 1944 டிசம்பரில் பெட்சி நோயுற்று மாண்டார். அம்மாதம் முடியுமுன்னரே கொரி விடுதலையானார். அதுவும் அலுவலகப் பிழையால் நேர்ந்தது எனப் பின்னர் அறிந்தார். இருவருக்கும் ஒரே விசுவாசம், ஒரே ஜெபம். பிழைத்தவரின் விசுவாசமே பெரிது என எவர் கூறத் துணிவார்? எண்களாக்கப்பட்ட பெண்களை அவ்வழிபாடு மீண்டும் ஒரு சபையாக்கிற்று. அது செய்தது இதுவே எனக் கருதுகிறேன்.

டென் பூம் குடும்பத்தினர் தாமே தெரிந்துகொண்ட பாதையில் சென்றனர். யூதருக்கோ தெரிவென்பதே இல்லை. எலி வீசல் 15 வயதில், 1944 மே மாதத்தில், குடும்பத்தோடு ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தாயும் இளைய தங்கையும் கொல்லப்பட்டனர். தந்தையும் மகனும் சேர்ந்திருந்தனர். 1945 சனவரியில் பனியில் ஓட்டிச் செல்லப்பட்டபோது, விழுந்து இறந்துவிடலாம் என்ற எண்ணத்தைத் தந்தையின் அருகாமையே தடுத்தது. ஆயினும், பூகன்வால்ட் முகாமில் தந்தை நோயுற்று இறந்தபோது, சுமை நீங்கிற்று என்னும் உணர்வு தம் உள்ளத்தின் ஆழத்தில் எழுந்ததை அவர் மறைக்கவில்லை. பசி, உறவையும் தின்னவல்லது. அவருடைய விசுவாசமோ அழியாமல் இறைவனோடு வழக்காடலாக மாறிற்று. புலம்பற் சங்கீதங்களை அறிந்த நமக்கு இது புதிதன்று.

இத்தாலிய யூதரான வேதியியலர் பிரீமோ லேவி கடவுள் நம்பிக்கையற்றவர். ஆஷ்விட்ஸைச் சார்ந்த மோனோவிட்ஸ் முகாமில், லொரென்சோ பெரோனே என்னும் இத்தாலியக் கொத்தனார் ஆறு மாதகாலம் அவருக்கு நாள்தோறும் உணவு கொணர்ந்து கொடுத்தார். கைம்மாறு எதுவும் பெற மறுத்தார். அவ்வுணவைவிட, முகாமுக்கு வெளியே நன்மை இன்னும் உண்டு என்பதை அம்மனிதரின் இருப்பு நினைவூட்டியதே தம்மை வாழவைத்தது என்று லேவி பின்னர் எழுதினார். லொரென்சோ கைதியல்லர், எனினும், கண்டவற்றைத் தாங்கவியலாமல் போருக்குப்பின் குடியில் ஆழ்ந்தார், வாழும் விருப்பத்தை இழந்தார். 1952-இல் அவர் இறந்தார். லேவியின் மகளும் மகனும் அவர் பெயரைத் தாங்கினர்.