வட்டிக் கணக்கும் வீட்டுக் கணக்கும்



சென்ற ஆண்டு தவக்காலத்தில், நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாயும் அவருடைய மகனும் என்னைக் காண வந்திருந்தனர். தந்தை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைத் தொழிலாளி. இலட்ச ரூபாய் கட்டினால் மாதந்தோறும் பத்தாயிரம் தருவதாக ஒரு நிறுவனத்தார் கூறியதை நம்பி, வீட்டு நகைகளை அடகு வைத்துப் பணம் கட்டியிருந்தார். மூன்று மாதங்கள் பணம் வந்தது. நான்காம் மாதம் அலுவலகக் கதவில் பூட்டுத்தான் தொங்கியது. "மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த நகை, சாமி" என்று அத்தாய் கண்ணீர் வடித்தார்.

ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மகனைத் தேற்ற எண்ணிப் பள்ளியைப் பற்றி விசாரித்தேன். கணக்கில் அவனே முதல் மாணவனாம். "இலட்சத்துக்கு மாதம் பத்தாயிரம் என்றால், ஆண்டு வட்டி எத்தனை விழுக்காடு?" என்றேன். "நூற்றிருபது, சாமி" என்று நொடியில் விடை வந்தது. "இதை அப்பாவிடம் சொன்னாயா?" என்றேன். தலை குனிந்தான். "அப்பா என்னைக் கேட்கவில்லை, சாமி. அது வீட்டு விஷயம். இது பள்ளிக்கூடக் கணக்கு."

அச்சொல் என் நெஞ்சை விட்டு இன்னும் அகலவில்லை. பள்ளிக்கூடக் கணக்கு வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வராத குறையினால் எத்தனை குடும்பங்கள் சீரழிந்திருக்கின்றன! 2022ஆம் ஆண்டு சென்னையில் வெளிப்பட்ட ஒரு நிதி நிறுவன வழக்கில் மட்டும், பணம் கட்டியவர்கள் ஓர் இலட்சத்துக்கும் அதிகமானோர். கட்டிய தொகை இரண்டாயிரத்து நானூறு கோடி ரூபாய்க்கு மேல் என்பது காவல்துறையின் கணக்கு. அவர்களுள் படித்தவர்கள் இல்லையா? கூட்டல் பெருக்கல் அறியாதவர்களா அனைவரும்? கணக்கு அறிந்திருந்தனர், அதைத் தம் பணத்தோடு பொருத்திப் பார்க்கும் பழக்கம்தான் இல்லை.

அப்பழக்கத்தை ஊட்டிய ஒரு திட்டம் நம் நாட்டில் இருந்தது. 1970 வாக்கில் தேசிய சேமிப்பு அமைப்பு பள்ளிகளில் தொடங்கிய சஞ்சாயிகாவை, ஐம்பது வயதைக் கடந்தோர் மறந்திருக்கமாட்டார்கள். மாணவரே மேலாளர், மாணவரே காசாளர், மாணவரே கணக்கர். ஆசிரியர் மேற்பார்வையாளர் மட்டுமே. நான் ஏழாம் வகுப்பில் காசாளனாக இருந்தேன். பத்துப் பைசாவும் நாலணாவும் வாங்கிப் பாஸ் புத்தகத்தில் பதிந்து தருவோம். ஒருநாள் மாலை கணக்கில் இருபத்தைந்து பைசா குறைந்தது. ஆசிரியர் தம் பையிலிருந்து போட்டுச் சரிக்கட்டியிருக்கலாம். அவரோ, "ஊரார் பணம். தேடுங்கள்" என்று கூறி எங்களுடன் அமர்ந்துவிட்டார். ஒரே தொகையை இரு முறை பதிந்திருந்தோம் என்று கண்டபோது பொழுது சாய்ந்திருந்தது. மறைக்கல்வி வகுப்பில் கேட்ட நேர்மையை நான் கைகளால் கற்றது அன்றுதான்.

இன்று அரசு வாளாவிருக்கிறது என்று கூறுவதற்கில்லை. ரிசர்வ் வங்கியும், பங்குச்சந்தை, காப்பீடு, ஓய்வூதியம் ஆகியவற்றின் ஒழுங்குமுறை அமைப்புகளும் கூடித் தேசிய நிதிக்கல்வி மையத்தை நிறுவியுள்ளன. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்துடன் இணைந்து அம்மையம் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையில் பயிற்சி நூல்களை வெளியிட்டுள்ளது. தமிழகப் பாடத்திட்டத்தின் எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலிலும் பணம், சேமிப்பு, முதலீடு பற்றி ஒரு பாடம் உண்டு.

இத்தகைய விழிப்புணர்வுக்கான பணத்தின் ஓர் ஊற்று சிந்திக்கத் தக்கது. பத்தாண்டுகளாக எவரும் கேட்காமல் வங்கிகளில் கிடக்கும் வைப்புத்தொகைகள், 2014ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்ட ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்குச் சென்று சேருகின்றன. உரியவரோ வாரிசோ பின்னர் வந்து கேட்டால் திரும்பப் பெறலாம். அந்நிதியின் வருவாய் வைப்பாளர்களின் கல்விக்கும் நலனுக்கும் பயன்படுகிறது. அப்பணம் கேட்பாரற்றுப் போனது எவ்வாறு? மனைவிக்கும் மக்களுக்கும் சொல்லாமலே சேமித்துக் கண்மூடியவர்களின் பணமும் அதில் உண்டன்றோ? வீட்டில் நிலவிய மௌனமே ஒரு நிதியாகத் திரண்டிருக்கிறது எனலாம்.

ஆகவே அரசிடம் நாம் வேண்டுவது ஒன்று. நூலுக்கும் தேர்வுக்கும் செலவிடுவது நன்று. அத்துடன், பள்ளிதோறும் மாணவரே நடத்தும் ஒரு சிறு சேமிப்புக் கூடத்துக்கும், அதை மேற்பார்க்கும் ஆசிரியரின் நேரத்துக்கும் பொருள் ஒதுக்க வேண்டும். அக்டோபர் 30, உலகச் சிக்கன நாளில் பேச்சுப்போட்டி நடத்திப் பரிசளிப்பதோடு கடமை தீர்ந்துவிடாது. நீச்சலைப் பற்றிப் பேசியவன் நீந்தக் கற்றவன் ஆகான்.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்கவும் வேண்டியதில்லை. பத்து வயது நிரம்பிய பிள்ளை அஞ்சலகத்தில் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கித் தானே நடத்தலாம். ஐந்நூறு ரூபாய் போதும். சம்பளம் வந்த ஞாயிறன்று பிள்ளைகளை அருகில் அமர்த்தி, வாடகை, மின்கட்டணம், சீட்டு, குழுக் கடன் அனைத்தையும் அவர்கள் கையாலேயே எழுதச் செய்யுங்கள். எவரேனும் அதிக வட்டி தருவதாக வந்தால், "ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு? இத்தனை இலாபம் எந்தத் தொழிலில் கிடைக்கும்? பொதுமக்களிடம் பணம் பெற இவர்களுக்கு அனுமதி உண்டா?" என்ற மூன்று கேள்விகளைப் பிள்ளையே கேட்கட்டும். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று ஆண்டவர் கூறியதை நாம் அறிவோம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து உட்காருவதே நம் இல்லங்களில் இன்று தேவை.

அந்தக் குடும்பத்தின் நகைகள் இன்னும் மீளவில்லை. தந்தை ஓவர்டைம் பார்த்து அடகுக்கு வட்டி கட்டி வருகிறார். ஆனால் மாதந்தோறும் சம்பள நாளன்று, நோட்டுப் புத்தகத்துடன் மகன் அவருக்கு எதிரே அமருகிறான். "இப்போதெல்லாம் அவனைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை, சாமி" என்று அண்மையில் பூசை முடிந்தபின் அவர் சொன்னார்.

உங்கள் பிள்ளையை நீங்கள் எப்போது கேட்கப் போகிறீர்கள்?