எரிந்த காடு எங்கே இருக்கிறது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளைத் தாண்டிப் பழவேற்காடு ஏரிப் பக்கம் போனால், களா, சூரை, காரை, ஈச்சை என்று இடுப்புயரப் புதர்கள் தென்படும். முள்ளுக்காடு என்று ஒதுக்குகிறோம். உண்மையில் அது வெட்டியும் மேய்த்தும் குறுகிப்போன உலர் பசுமைமாறாக் காடு. சோழமண்டலக் கரையின் சொந்தக் காடு. ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவில் அது இன்னும் மரமாகவே நிற்கிறது.

கோடையில் ஒரு பீடித் துண்டு போதும், புதர் கரியாகிவிடும். ஆனால் மண் வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். மேலே புல் எரிந்து ஓடினாலும் நாலு விரல் ஆழத்தில் இருக்கும் வேருக்குச் சூடு அதிகம் எட்டாது. விழுந்த கட்டை ஒரே இடத்தில் கனன்றுகொண்டிருந்தால்தான் வேரும் வேகும்.

தீக்குத் தப்புவதில் பனை பெரிய கெட்டிக்காரன். கொட்டை முளைக்கும்போது குருத்தை மேலே விடாமல் மண்ணுக்குள் இறக்குகிறது. பொங்கலுக்கு அவித்துத் தின்கிறோமே, அந்தக் கிழங்குக்குள்தான் குருத்து பத்திரமாக இருக்கிறது. தண்டு தரைக்கு மேல் தலைகாட்டப் பல ஆண்டுகள் ஆகும். வளர்ந்த பனைக்கு வேறொரு காப்பு. வேம்புக்கும் மாவுக்கும் வளரும் திசு பட்டைக்கு அடியில் மெல்லிய வளையமாக இருக்கிறது. சுற்றிலும் அது வெந்தால் மரம் போச்சு. பனைக்கு அந்த வளையமே கிடையாது. நீரும் உணவும் ஓடும் குழாய்கள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. வெளிப்புறம் கருகினாலும் உள்ளே ஓட்டம் நிற்பதில்லை.

ஆகவே எரிந்த இடத்தில் உடனே ஜேசிபி விட்டுச் சமப்படுத்துவதுதான் பெரிய கேடு. களாவும் காரையும் அடிக்கட்டையிலிருந்து தாமே துளிர்க்கும்; அந்தத் துளிரை ஆடு கடிக்காமல் பார்த்துக்கொள்வதே முதல் வேலை. சிக்கல் என்னவென்றால், சீமைக்கருவேலமும் அப்படித்தான் துளிர்க்கும், இன்னும் வேகமாக. 1877-இல் கடப்பா பக்கம் விதைக்கப்பட்ட அந்த வெளிநாட்டு மரத்தை எரித்தோ வெட்டியோ ஒழிக்க முடியாது. வேர்க்கழுத்தோடு தோண்டி எடுக்கவேண்டும்.

வேரே மிஞ்சாத நிலத்துக்குப் புதுச்சேரி பக்கத்து ஆரோவில் ஒரு பாடம். 1968-இல் அது ஓடைகள் அரித்த செம்மண் மேடு. முதலில் வரப்பு போட்டு மழைநீரை நிறுத்தினார்கள். நிழலுக்கு ஆஸ்திரேலிய வேலமரங்கள். அப்புறம் கோயில் காடுகளில் பொறுக்கிய நாட்டு விதைகள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது வேலமரங்கள் கொத்துக்கொத்தாகச் சாய்ந்தன. அவற்றின் நிழலில் வளர்ந்த நாட்டு மரங்கள் பெரும்பாலும் தப்பின.

கும்மிடிப்பூண்டி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில் இப்படி விதை பொறுக்க ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. எந்தப் புதர் எப்போது பழுக்கும் என்பது இருளர்களுக்குத் தெரியும். நாற்றுப் பைக்கும் திறப்புவிழாப் பலகைக்கும் போகும் பணத்தில் ஒரு பங்கை, மாசியில் சருகு கூட்டித் தீத்தடுப்புப் பாதை போடவும் இரண்டு வருடம் ஆடு மறிக்கவும் அவர்களுக்குக் கூலியாகக் கொடுத்தால் போதும். பழம் தின்னும் சின்னான் குருவிகளும் மரநாய்களும் மீதி விதைப்பைக் கூலி கேட்காமலே செய்துவிடும்.