காசநோயாளியின் குடலில் புழு: ஏன், எப்படி?

ஒரு பெண் உருளைப்புழு ஒரே நாளில் சுமார் 2 லட்சம் முட்டை இடும். மலத்தோடு வெளியேறும் முட்டை உடனே தொற்றாது. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து முதிர வேண்டும். கழிப்பறை ஒழுங்காக இருந்தால் அந்த மண்ணே அதற்குக் கிடைக்காது. மழையில் சாக்கடை பொங்கும் கொல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் தாராளமாகக் கிடைக்கிறது. அங்கே நெருக்கமான, காற்றோட்டமற்ற அறைகளில் காசநோயும் எளிதாகப் பரவுகிறது. 

இரண்டும் ஓர் உடலில் சேர்ந்தால்? காசநோய்க் கிருமியை அடக்க உடல் டிஹெச்1 என்ற வகை எதிர்ப்புச் செல்களை நம்பியிருக்கிறது. புழுக்களோ டிஹெச்2 வகையைத் தூண்டும். தாம் பிழைத்திருக்க எதிர்ப்பையே தணிக்கும். காசநோயாளிகளில் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற குடல்புழுவும் இருந்தவர்களிடம் டிஹெச்1 எதிர்வினை குறைந்திருப்பதைச் சென்னை காசநோய் ஆராய்ச்சி நிறுவன வளாகத்தில் நடந்த ஆய்வுகள் காட்டின. கொக்கிப்புழு என்ற இன்னொரு குடல்புழுவோ ரத்தத்தையே உறிஞ்சும். ஏற்கெனவே மெலிந்தவருக்கு ரத்தசோகையும் சேரும்.

பூச்சி மாத்திரை கொடுத்தால் காசநோய் சீக்கிரம் ஆறிவிடுமா? எத்தியோப்பியாவின் கோண்டாரில் நடந்த சோதனையில் நோயெதிர்ப்பு அளவுகள் சற்று மாறின; நோய் குணமாவதில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. மாத்திரை புழுவைத்தான் கொல்லும். மண் மாறாவிட்டால் தொற்று திரும்ப வரும். கழிப்பறையும் வடிகாலும் காசநோய் ஒழிப்பின் பகுதியாகவே நடக்க வேண்டிய வேலைகள். வீட்டில் காசநோயாளி இருந்தால், மருத்துவரிடம் மலப் பரிசோதனை பற்றி ஒருமுறை கேளுங்கள்.