ஜியாவோஸி வகுப்பு: சீன டம்ப்ளிங்கை ஏன் கூட்டமாக உட்கார்ந்து கற்கிறார்கள்?

மோமோ சாப்பிடாத இளைஞர்கள் இன்று குறைவு. அதற்குச் சொந்தக்காரன் முறையில் வருவதுதான் வடசீனாவின் 'ஜியாவோஸி' டம்ப்ளிங். பெய்ஜிங்குக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலர் பெருஞ்சுவரைப் பார்த்த கையோடு, 'ஹூதோங்' எனப்படும் பழைய சந்துகளில் நடக்கும் ஜியாவோஸி சமையல் வகுப்புக்கும் நேரம் ஒதுக்குகிறார்கள். யூடியூப்பில் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கும்போது, காசு கொடுத்து முன்பின் தெரியாதவர்களோடு மாவு பிசைய வேண்டுமா?

முதல் பாடம் என்ன?

மாவுதான். தண்ணீரில் வேகவைக்கும் ஜியாவோஸிக்கு 300 கிராம் மைதாவுக்குச் சுமார் 150 கிராம் பச்சைத் தண்ணீர் போதும். ஆனால், மாவுக்கு மாவு தண்ணீர் இழுக்கும் அளவு மாறும். அதனால் சீனச் சமையலறைகளில் 'மூன்று பளிச்' என்று ஒரு கணக்கு உண்டு. பிசைந்து முடிக்கும்போது பாத்திரம், கை, மாவு மூன்றும் பிசுக்கில்லாமல் பளிச்சென்று இருக்கணும். மாவு ஊறிய பிறகு, தொட்டால் காது மடல் மாதிரி மெத்தென்று இருக்கணும். இதைத் தொட்டுப் பார்த்தால்தான் புரியும்.

அரை மணி நேரம் மூடி வைப்பது எதற்கு? பிசைந்த உடனே தேய்த்தால், மாவிலுள்ள குளூட்டன் ரப்பர் மாதிரி உள்ளே இழுக்கும். ஊறினால் அது தளர்ந்து கொடுக்கும்.

தேய்ப்பதில் என்ன சூட்சுமம்?

சப்பாத்தி எல்லாப் பக்கமும் ஒரே கனமாக வரணும். ஜியாவோஸி மேல்மாவு அப்படியில்லை; நடு தடிமனாகவும் ஓரம் மெல்லிசாகவும் இருக்கணும். மூடும்போது ஓரம் இரட்டையாகிவிடும். நடுப்பகுதிதான் பூரணத்தின் கனத்தைத் தாங்கும். எனவே ஒரு கை சின்னப் பூரிக்கட்டையை ஓரத்தில் மட்டும் உருட்ட, மறு கை மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்பவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்துவதை எந்த வீடியோவும் செய்யாது.

பூரணம் ஏன் உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது?

பெரும்பாலும் ஈரம்தான் வில்லன். பன்றிக் கொத்துக்கறியோடு சீன முட்டைக்கோஸ் சேர்ப்பது பிரபலம். கோஸை உப்புப் போட்டுப் பிழியாவிட்டால் தண்ணீர் விட்டு ஓரம் ஒட்டாது. சைவர்களுக்கு டோஃபு, காளான், கண்ணாடி நூடுல்ஸ் பூரணம் உண்டு.

ஏன் கூட்டம் தேவை?

தேய்த்த மாவு காற்றில் சீக்கிரம் காயும், காய்ந்தால் ஒட்டாது. ஒருவர் தேய்க்க, இருவர் மூவர் உடனுக்குடன் நிரப்பி மூடினால் வேலை ஓடும். வடசீனாவில் புத்தாண்டுக்கு முந்தைய இரவு குடும்பமே மேசையைச் சுற்றி உட்கார்ந்து செய்யும் வேலை இது. பழைய வெள்ளிக் கட்டியின் வடிவில் இருப்பதால் செல்வம் சேரும் என்பது நம்பிக்கை. சில வீடுகளில் ஒன்றில் மட்டும் நாணயத்தை ஒளித்து வைப்பார்கள், கிடைத்தவருக்கு அதிர்ஷ்டம். இந்தப் புத்தாண்டுக் கொண்டாட்டத்தை யுனெஸ்கோ 2024-இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இந்தக் கைப்பழக்கம் பாட்டியிடமிருந்து பேத்திக்கு மேசையருகே கைமாறி வந்தது. வேலைக்காக ஊரை விட்டு வந்து தனியாக வாழ்பவருக்கு ஃப்ரீசர் பாக்கெட் பசியாற்றும். ஆனால் அந்த மேசையைத் தராது. வகுப்பு சில மணி நேரத்துக்கு அதைத்தான் தருகிறது.

எப்படி வேகவைப்பது?

கொதிக்கும் தண்ணீரில் போட்டு, அடி பிடிக்காமல் மெல்லத் தள்ளிவிடணும். பொங்கி வரும்போது ஒரு கப் பச்சைத் தண்ணீர்; இப்படி மூன்று முறை. கொதி அடங்குவதால் மேல்மாவு கிழியாது, உள்ளே கறி வேக நேரமும் கிடைக்கும்.

சேரும் முன் என்ன கேட்கணும்?

மாவு பிசைவதிலிருந்து கற்றுத் தருவார்களா, ரெடிமேட் மேல்மாவா? ஒரு மேசைக்கு எத்தனை பேர்? சைவத்துக்குத் தனிப் பாத்திரம் உண்டா? சோயா, இறால், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

முதல் பத்து எப்படியும் கோணலாகத்தான் வரும். கொதிக்கிற தண்ணீரில் வாய் பிளக்காமல் இருந்தால் பாஸ், அவ்ளோதான்.