சிட்டுகள் போய்விட்டனவா?

மன்னார் கட்டுக்கரைக் குளத்துக்கு அண்மையிலுள்ள கிராமமொன்றில், 75 வயதான கமக்காரர் ஒருவருடன் அண்மையில் ஒரு காலைப்பொழுதைக் கழித்தோம். "முந்தி இந்த முருங்கையிலை தேன்சிட்டு ஓயாமல் கத்தும். மருந்தடிச்சு மருந்தடிச்சு எல்லாத்தையும் கலைச்சுப்போட்டம்" என்று குறைப்பட்டார். பேத்தி சிரித்தாள். "இப்பவும் கத்துது அப்பப்பா. உங்களுக்குத்தான் கேக்கேல்லை." நிமிர்ந்து பார்த்தோம். பூங்கொத்தில் சிட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் நெடுநேரம் பேசவில்லை.

கிருமிநாசினி பற்றி அவர் சொன்னதை நாம் தள்ளிவிடவில்லை. அது வேறாக எழுதவேண்டிய விடயம். ஆனால் இந்தச் சிட்டு போகவில்லை.

உட்காதில் நத்தை ஓடு போன்ற பகுதியில் நுண்ணிய மயிர்க்கலங்கள் உள்ளன. கீச்சென்ற உயர் ஒலிகளை உணரும் கலங்கள் அதன் வாசலருகே இருக்கின்றன. முதுமையில் முதலில் கெடுபவை அவையே. கெட்டால் மீண்டும் முளைப்பதில்லை. எனவே செண்பகத்தின் தாழ்ந்த குரல் இவருக்கு இன்றும் கேட்கிறது, தேன்சிட்டின் மெல்லிய குரல் கேட்பதில்லை. நெல் ஆலை, லேண்ட்மாஸ்டர், 2009 வரை கேட்ட ஷெல் சத்தம் என்பனவும் பலருடைய காதுகளைக் கெடுத்துள்ளன. 60 வயதைக் கடந்தவர்களில் நால்வரில் ஒருவருக்கு மேல் அன்றாட வாழ்வைப் பாதிக்குமளவு செவிக்குறைபாடு உண்டென்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சிட்டோடு இது நிற்பதில்லை. ச, த, க போன்ற மெய்யொலிகளும் மங்கிவிடுகின்றன. குரல் கேட்கும், சொல் விளங்காது. கோயில் மணி கேட்கிறது, பிரசங்கம் விளங்கவில்லை என்றார் பெரியவர். (சில பிரசங்கங்கள் எமக்கும் அப்படித்தான்!) வீட்டார் இதைப் பிடிவாதமென நினைத்து ஏசுகிறார்கள், அவரோ மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்து மூலையில் ஒதுங்கிவிடுகிறார். கத்திப் பேசுவதால் பயனில்லை. முகத்தைப் பார்த்து, ஆறுதலாகப் பேசுங்கள். வெறும் காதுக்குடுமியாகவும் இருக்கலாம்; வைத்தியசாலையில் காட்டுங்கள். செவிப்புலன் கருவி பூட்டுபவர்கள் ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும்: சில கருவிகள் பறவைக்குரலை இரைச்சலென எண்ணி அடக்கிவிடும். அதைச் சீர்செய்து தரும்படி கேட்கலாம்.

2008 இல் சரணாலயமாக்கப்பட்ட வங்காலைக்குப் பூநாரைகள் வரும் காலத்தில் தாத்தாவும் பேத்தியும் போகவிருக்கிறார்கள். அவள் குரல் வரும் திசையைக் காட்டுவாள். பறவையைப் பார்த்து அவர் பெயர் சொல்வார்; அவளுக்கு இன்னும் பாதிப் பெயர்கள் தெரியாது.