வீட்டுல எம்.சி.பி. இருக்கு... ஷாக் அடிச்சா காப்பாத்துமா?

மீட்டருக்குப் பக்கத்தில் வரிசையாக எம்.சி.பி. இருந்தாலே வீடு சேஃப் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால், அது காப்பாற்றுவது வயரைத்தான், ஆளை அல்ல.

ஏன்?

ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட்டால் வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் தடுப்பதுதான் எம்.சி.பி.யின் வேலை. 6 ஆம்பியர் எம்.சி.பி., 6,000 மில்லி ஆம்பியர் வரை சும்மாதான் இருக்கும். உடலில் அதில் 200-ல் ஒரு பங்கு, அதாவது 30 மில்லி ஆம்பியரைத் தாண்டிப் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து.

அப்போ எது காப்பாத்தும்?

ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமா என்று இது பார்த்துக்கொண்டே இருக்கும். ஹீட்டரில் கசியும் மின்சாரம் உங்கள் உடல் வழியாகத் தரைக்கு இறங்கினால் கணக்கு இடிக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் 0.3 விநாடிக்குள் சப்ளை கட். சுரீர்னு ஒரு அடி விழலாம். ஆனால் உயிர் தப்பலாம்.

இதை கவனிங்க

* ஆளைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் ரேட்டிங்தான் வேண்டும். 100, 300 போதாது.

* ஓவர்லோடு ஆர்.சி.சி.பி.க்குத் தெரியாது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் தொட்டாலும் தெரியாது. எனவே எம்.சி.பி.யும் வேண்டும், ஜாக்கிரதையும் வேண்டும்.

* எர்த்திங் சரியாக இருந்தால், யாரும் தொடும் முன்பே டிரிப் ஆகிவிடும்.

* மாதம் ஒருமுறை 'டெஸ்ட்' பட்டனை அழுத்துங்கள். டிரிப் ஆகலைன்னா உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

* மழைக்காலத்தில் அடிக்கடி டிரிப் ஆகுதுன்னு 'பைபாஸ்' பண்ணச் சொல்லாதீங்க. எங்கோ கசிகிறது என்றுதான் அது சொல்கிறது.